கம்ப்யூட்டருக்குத் தைத்த உறை

தாயில்பட்டிக்கு வந்து நாகையா வீடு எது என்று கேட்டால், "எந்த நாகையா? கம்ப்யூட்டர் நாகையாவா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் கை காட்டுவார்கள். விடிந்தும் விடியாமலும் பட்டாசுக் கம்பெனி வேன் அந்தத் தெருவுக்கு வந்து நிற்கும். ஆணும் பெண்ணுமாகத் தூக்குவாளியோடு ஏறிப் போய்விடுவார்கள். நாகையா ஒருவர்தான் தேய்த்த சட்டையும் சட்டைப் பையில் பேனாவுமாக எதிர்ப்பக்கம் நடந்து போய்ச் சிவகாசி பஸ்ஸுக்கு நிற்பார். வேனுக்குள் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டே போவது அவர் மனைவி சின்னத்தாய்க்கு அன்றாடம் கிடைத்த ஒரு சந்தோஷம்.

"ஒன் மாப்பிள்ளை ஆபீசர் கணக்கா நிக்காரு பாரு," என்று பக்கத்து சீட்டு ராமுத்தாய் விலாவில் இடிப்பாள். "நீ மட்டும் ஏன்த்தா எங்க கூட மருந்துல கெடந்து உருளுத?"

"அவருகிட்ட அவுக ஆத்தா சத்தியம் வாங்கிருக்கா. எங்கிட்ட யாரு வாங்குனா?" என்பாள் சின்னத்தாய். வேன் முழுக்கச் சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஆனால் அந்தச் சத்தியம் சிரிக்கிற காரியம் இல்லை. நாகையாவுக்கு மீசை அரும்புகிற வயதில் அவருடைய அண்ணன் செந்தூர்பாண்டி ஒரு கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற ரூமில் வேலைக்கு நின்றான். ஒரு வைகாசி மாத உச்சி வெயிலில் அந்த ரூமும் போயிற்று, அவனும் போனான். காரியம் முடிந்த கையோடு தாய் ராக்காயி இளைய மகனை இருக்கன்குடிக்கு நடத்தியே கூட்டிப் போனாள். மாரியம்மன் சந்நிதியில் கற்பூரத்தை ஏற்றி, மகன் கையைப் பிடித்து அதற்கு மேலே நீட்டி, "இவன் மருந்து வாசலை மிதிக்க மாட்டான் தாயே, எனக்கு மிஞ்சினது இவன் ஒருத்தன்தான்," என்று சொல்ல வைத்தாள். ராக்காயி கண்ணை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் சொன்ன சொல் அந்தச் சந்நிதியிலேயே நிற்கிறது என்று சின்னத்தாய் நம்பினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைக் காப்பாற்றுவதில் தனக்கும் பாதிப் பங்கு உண்டு என்று நினைத்தாள்.

நாகையா சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கூட்டிப் பெருக்கப் போய், தாள் அடுக்கி, லேபிள் கட்டி, கடைசியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே தொழில் கற்றுக்கொண்டவர். பக்கம் போடுகிற பேஜ்மேக்கரும் படம் போடுகிற கோரலும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கல்யாணப் பத்திரிகை, தினசரி காலண்டர் தாள், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் எல்லாம் போடுவார். ஒரு பச்சைக் கிளி ராக்கெட்டைக் கவ்விக்கொண்டு பறக்கிற லேபிள் அவர் கைவேலைதான். அதை வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள் சின்னத்தாய், முருகன் படத்துக்குக் கீழே.

பிறகு காலம் மாறியது. கம்ப்யூட்டரிலிருந்து நேரே அச்சுப் பிளேட்டுக்குப் படம் ஏறுகிற மிஷின் வந்தது. பழைய எழுத்துகளில் அடித்துக் கொடுத்தால் புது மிஷின் கட்டம் கட்டமாகக் காட்டியது. யூனிகோடு எழுத்து வேண்டும் என்றார்கள், புது சாஃப்ட்வேர் வேண்டும் என்றார்கள். மதுரையிலிருந்து படித்த பையன்கள் வந்து உட்கார்ந்தார்கள். அந்த நேரம் அச்சகத்தில் பழைய சிஸ்டங்களைக் கழித்துக் கட்டினார்கள். நாகையா அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்து, மானிட்டரைக் கூடப் போன சின்னத்தாய் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

"இந்த வயசுல இன்னும் என்னங்க படிப்பு?" என்று கேட்டாள்.

"படிக்காம இருந்தா வேன் வந்து நிக்கும்த்தா," என்றார். அவளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் தீபாவளி என்றால் கம்ப்யூட்டருக்குத்தான் தீபாவளி. ஒரு வருஷப் போனஸில் ரேம் கூட்டினார். இன்னொரு வருஷம் பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டார். "முன்னெல்லாம் இது முழிக்கதுக்குள்ள நீ சோத்தை வடிச்சிருவ. இப்போ பாரு, பொத்தானைத் தட்டுனா முழிக்கு," என்று காட்டினார். எல்லாம் செகண்ட் ஹேண்ட் சாமான்தான். விருதுநகரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் சூர்யபிரகாஷ் என்ற பிள்ளை வைத்திருந்த கடையில் தேடிப் பார்த்து வாங்குவார். புது சாஃப்ட்வேரின் வேலைகளை செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். அதில் பேசுகிறவன் இந்தியில் பேசுவான். நாகையாவுக்கு இந்தி தெரியாது. அவன் அம்புக்குறி எங்கே போகிறதோ அங்கே தன் அம்புக்குறியையும் கொண்டு போவார்.

சின்னத்தாய் ஐந்தாவதோடு நின்றவள். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அதுதான் மாமியாருடைய சத்தியத்தைத் தாங்கி நிற்கிறது என்று தெரியும். அதனால் சாமி மாடத்துக்குக் காட்டும் சாம்பிராணியை அதற்கும் தள்ளி நின்று காட்டினாள். வெள்ளிக்கிழமை ஒரு பூ வைத்தாள்.

வாங்கி வந்த புதிதில் அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. ஓட்டு வீட்டு வெக்கையில் அது பொடிந்துபோனது. வீட்டு முன்னால் கருவேலங்காட்டுப் புழுதி. தூசி ஆகாது என்று நாகையா அடிக்கடி சொல்வார். சரி, நாமே ஒரு உறை தைத்துவிடலாம் என்று சின்னத்தாய் நினைத்தாள். அவளிடம் வெளியில் கட்டுகிற சேலை எல்லாம் நைலக்ஸும் பாலியெஸ்டரும். தொட்டால் கையில் ஒட்டும், உரசினால் படபடவென்று பொறி பறக்கும். அதனால்தான் கம்பெனி கேட்டிலேயே பருத்தி கட்டி வந்தால்தான் உள்ளே விடுவார்கள். அந்த வீட்டில் நல்ல பருத்தி என்றால் அவள் கம்பெனிக்குக் கட்டிப் போய்ப் பழகின சேலைதான். துவைத்துத் துவைத்துப் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுகிற பதத்துக்கு மெத்தென்று ஆகியிருந்தது.

அந்தச் சேலையை சோப்புப் போட்டு ஊற வைத்து, அலசி, மறுபடி சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் மொரமொரவென்று காயவைத்து, பெட்டிக்கு ஒன்றும் மானிட்டருக்கு ஒன்றுமாகக் கையாலேயே தைத்தாள். ஓரத்தில் நாடா வைத்தாள். முன்பக்கம் முந்தியின் மாங்காய்க் கரை வருகிற மாதிரி வெட்டியிருந்தாள்.

"ஏ, அருமையா இருக்கே!" என்றார் நாகையா. "எந்தக் கடையில கேட்டாலும் இப்படிக் கெடைக்காது."

அது முதல் ஆயுத பூஜை தோறும் பழைய உறையைக் கழித்துவிட்டு, அந்த வருஷம் கம்பெனிக்குக் கட்டித் தேய்ந்த சேலையில், அதே போல மாங்காய்க் கரை முன்னால் வர, புது உறை தைப்பது அவள் வழக்கமானது. காலையில் உறையை எடுத்து உதறுவாள். மடித்துப் பெட்டியின் தலையிலேயே வைப்பாள். வேலை முடிந்ததும் அவர் மூடி, நாடாவைக் கட்டுவார்.

இவ்வளவு பார்த்தும் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஆயுசு கெட்டியாக இல்லை. ஒரு வருஷம் ஃபேன் நின்றது. ஒரு வருஷம் பவர் சப்ளை போனது. கூட்டின ரேமும் பாதியில் செத்தது. மாற்ற மாற்றப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு பொருளைப் புதுசாகக் கூட்ட வைத்திருந்த காசெல்லாம் போனதை மாற்றவே சரியாக இருந்தது. வாயே திறக்காத நாகையா ஒருநாள் போனில் சூர்யபிரகாஷைச் சத்தம் போட்டார். "தம்பி, பழசுன்னு சொல்லித்தான் வாங்குறேன். அதுக்காகச் செத்ததையா தலையில கட்டுவீக?" அந்தப் பிள்ளை என்ன சொன்னானோ, போனை வைத்த பிறகு தான் பேசியது தப்போ என்று வெகுநேரம் முகம் வாடி இருந்தார். சின்னத்தாய் அந்தக் கடைக்காரனை மனசுக்குள் வைதாள். அடுத்த செவ்வாய்க்கிழமை கண் படாமலிருக்கப் பெட்டியைச் சுற்றி எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டாள்.

அப்படி இருக்கும்போது அவர் வேலை பார்த்த அச்சகத்தை முதலாளியின் மக்கள் விற்றுவிட்டார்கள். நாகையா வீட்டிலிருந்தே கோயில் கொடை நோட்டீஸும் காதுகுத்துப் பத்திரிகையும் போட்டுக் கொடுத்து மாதங்களைத் தள்ளினார். பஸ்ஸுக்கு நிற்கிற மனிதர் வாசலில் நின்று வேன் போவதைப் பார்த்தார். சின்னத்தாய் வேனுக்குள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆனி மாதம் ஒரு நல்ல சேதி வந்தது. சிவகாசியில் பெரிய காலண்டர் அச்சகம் வைத்திருந்த ராஜபாண்டியன் ஆள் விட்டு அழைத்தார். ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தைச் சாமி முன் வைத்துப் பூஜை போட்டு வெளியிடுவது சிவகாசி அச்சகக்காரர்களின் வழக்கம். அதற்கு முந்தின வாரங்களில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

"நாகையா, ஒங்க கை எனக்குத் தெரியும்," என்றாராம் ராஜபாண்டியன். "புது சாஃப்ட்வேர்ல ஓடுவீங்களான்னுதான் தெரியணும். இங்கன சிஸ்டம் ஒண்ணுகூடக் காலி இல்ல. சாமி படம் ஆல்பத்தை வீட்டுலயே வச்சு முடிச்சுக் குடுங்க. நல்லா வந்துச்சுன்னா ஆவணியிலருந்து நம்ம கம்பெனியிலயே ஒக்காந்துக்கலாம்."

"முடிச்சுத் தாரேன் அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு வந்தார்.

வரும்போதே ஒரு கிலோ ரவை வாங்கி வந்து கேசரி கிண்டச் சொன்னார். அன்றிலிருந்து அவர் சாப்பிட எழுந்ததையே சின்னத்தாய் பார்க்கவில்லை. தட்டைக் கொண்டு போய்ப் பக்கத்தில் வைப்பாள். மானிட்டரில் மீனாட்சியும் லட்சுமியும் வேலவனும் ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். "இந்த மஞ்சள் போதுமா பாரு, அம்மன் முகத்துக்கு," என்று கேட்பார். அவளுக்கு என்ன தெரியும்? "கொஞ்சம் பளபளன்னு இருக்கட்டுங்க," என்பாள். அவரும் கூட்டி வைப்பார். அந்த நாட்களில் உறையை அவள் இன்னும் கவனமாக உதறினாள். வேலை நடக்கிற பெட்டி, தூசி போகக் கூடாது என்று.

ஆடி பிறந்து ஒரு மத்தியானம். அன்று கம்பெனிக்கு லீவு, அவள் வீட்டில் இருந்தாள். இருக்கன்குடி அம்மன் படத்துக்கு வேப்பிலை மாலை போட்டுக்கொண்டிருந்தார் நாகையா. திடீரென்று திரை கறுத்தது. பெட்டிக்குள் சீட்டி மாதிரி ஒரு சத்தம் கேட்டு நின்றது. கரன்ட் போகவில்லை, மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பொத்தானை அமுக்கினார். ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஒன்றும் ஆகவில்லை.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

பிறகு அந்த மாங்காய்க் கரை உறையிலேயே பெட்டியைச் சுற்றி நாடாவைக் கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு விருதுநகருக்குப் புறப்பட்டார். சின்னத்தாய் ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவர் வெறுங்கையாகத் திரும்பி வந்தார்.

"மதர்போர்டு போச்சு. கரன்ட் கூடக்குறைய வந்து அடிச்சிருச்சாம்."

"ஒற மூடித்தான வச்சிருந்தோம்?"

நாகையா அவளை ஒருமுறை பார்த்தார். "கரன்ட்டை ஒற என்ன செய்யும்? அது ஒயர்ல வருது," என்றார். பிறகு செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

"ஒற எங்க?"

"கடையில மறந்துட்டு வந்துட்டேன்."

அந்த போர்டு பழைய ரகம், தேடினால்தான் கிடைக்கும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். சிவகாசி பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்தார். அங்கே அந்த சாஃப்ட்வேர் இல்லை. தெரிந்தவர்களிடம் கேட்டார். சீசன் நேரத்தில் யார் சிஸ்டத்தை விட்டு எழுவார்கள்? கடைசியில் ராஜபாண்டியனிடம் போய் உள்ளதைச் சொன்னார். அவர் நல்ல மனுஷர்தான். "தப்பா எடுத்துக்கிடாதீங்க நாகையா. ஆடிப் பதினெட்டு எனக்காக நிக்காதுல்ல," என்று சொல்லிக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். வேலை மதுரைக்காரப் பையன் ஒருவனுக்குப் போனது.

ஆடிப் பதினெட்டு அன்று சிவகாசி அச்சகங்களில் எல்லாம் ஆல்பம் வெளியானது. நாகையா அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கம்ப்யூட்டர் இருந்த மேஜையில் மானிட்டர் மட்டும் இருந்தது. அதன் உறையையும் காணவில்லை. கேட்டதற்கு, "கிழிஞ்சிருந்துச்சு, கழிச்சிட்டேன்," என்றார்.

ஆவணி பிறந்ததும் ஒருநாள், அடுப்படியில் வந்து நின்று, "நாளைக்கு வேன்ல நானும் வாரேன்," என்றார்.

சின்னத்தாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். "அத்தை வாங்குன சத்தியம்?"

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

"யாருகிட்ட? ஒங்க ஆத்தாகிட்டயா, இருக்கன்குடியாகிட்டயா?"

"ரெண்டு பேருகிட்டயும்தான்."

மறுநாள் வேனில் ஏறவில்லை. இருவரும் இருக்கன்குடிக்குப் போனார்கள். நாகையா ஆற்றில் முங்கி எழுந்து, தலைமுடியைக் காணிக்கையாகக் கொடுத்தார். உப்பும் மிளகும் வாங்கிப் போட்டார். மொட்டைத் தலையில் சந்தனம் வழிய, சந்நிதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. அவர் என்ன கேட்டார் என்று சின்னத்தாய் கேட்கவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: தாயே, சொல் தவறினது அவர் இல்லை, பழியை அவர் மேல் வைக்காதே.

கம்பெனியில் அவரைப் பேக்கிங்கில் போட்டார்கள். முதல் நாளே பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. கட்டைப் பிரித்தால் ராக்கெட்டைக் கவ்விய பச்சைக் கிளி.

"இந்தக் கிளி நான் போட்டது," என்று சொன்னாராம்.

"அப்போ நீரே ஒட்டும் ஓய், ஒம்ம பிள்ளை!" என்று பக்கத்தில் இருந்தவன் சொல்ல, ஷெட்டே சிரித்ததாம். ராமுத்தாய்தான் மத்தியானச் சாப்பாட்டில் சின்னத்தாயிடம் இதைச் சொன்னாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. "அவரும் சிரிச்சாருத்தா. அதைப் பாக்கத்தான் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு."

வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து நாகையா வீட்டில் சில புதுப் பழக்கங்களைக் கொண்டு வந்தார். கம்பெனி உடுப்போடு வீட்டுக்குள் நுழைய மாட்டார். கொல்லைப் பக்கம் சுற்றிப் போய், குழாயடியில் குளித்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார். அறைக்குள் கட்டியிருந்த துணிக்கொடியை அவிழ்த்து வெளியில் கட்டினார். "வெயில் சும்மாதான அடிக்கு, துணியை வெளியிலேயே போடு," என்றார். சத்தியம் மீறினவர் தீட்டாக நினைக்கிறார் போல என்று சின்னத்தாய் நினைத்துக்கொண்டாள். மனசுக்குள் அழுதாள்.

அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துவதாக அவள் நேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்தாள். "கண்ணு ஒனக்கு இருக்கு தாயே. அந்தப் பெட்டிக்குத்தான் இப்போ உசுரு வேணும். அடுத்த வருஷம் செஞ்சிருதேன்," என்று விழுந்து கும்பிட்டுவிட்டு, மதினியைப் பார்க்கப் போவதாகப் பொய் சொல்லி, விருதுநகருக்குப் பஸ் ஏறினாள்.

சூர்யபிரகாஷ் கடையில் உட்கார இடமில்லாமல் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. தாயில்பட்டி நாகையா வீடு என்றதும் அந்தப் பிள்ளை எழுந்து ஸ்டூலைக் காலி செய்து கொடுத்தான்.

"வாங்கக்கா. அண்ணன் சொன்ன போர்டு வந்திருச்சு. நானே போன் போடணும்னு இருந்தேன்."

"நல்லதா இருக்குமாய்யா? போன தடவை மாதிரி ஆயிறக் கூடாதுப்பா. அவரு ஒடைஞ்சு போயிட்டாரு."

"போர்டு மேல கொறை இல்லக்கா. அந்தத் தூசி போகாம பாத்துக்கிட்டா இன்னும் பல வருஷம் ஓடும்." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "அண்ணன் சொல்லலையா?"

"கரன்ட்டு அடிச்சிருச்சுன்னாரு."

அவன் மேஜைக்கு அடியிலிருந்து பழைய போர்டை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினான். பச்சைத் தகட்டின் மேலே, கம்பிக் கால்களுக்கு நடுவே, சாம்பல் பூத்த மாதிரி ஒரு படிவு. சாய்த்தபோது அது மினுங்கியது. சின்னத்தாய்க்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பூச்சட்டிப் புஸ்வாணத்தில் அடைக்கிற மருந்தில் சேர்கிற அலுமினியப் பவுடர். அவள் நகக்கண்ணில் அன்றாடம் இருப்பது.

"இது கரன்ட்டைக் கடத்தும்க்கா. காத்தோட உள்ள போயி படிஞ்சு படிஞ்சு, ஒருநாள் ஒண்ணோட ஒண்ணைச் சேத்துவிட்டிரும். ஃபேன் போனது, ரேம் போனது எல்லாம் இதாலதான் இருக்கும். நான்தான் பழைய ஃபேனைத் தூக்கிப் போட்டிருதேன், பாக்காம விட்டுட்டேன். அன்னைக்கு அண்ணன் பொதிஞ்சு கொண்டுவந்த துணியை இந்த மேஜையில போட்டாரு. மேஜை பூரா மினுமினுன்னு ஆயிருச்சு. அப்பத்தான் ரெண்டு பேருக்கும் வெளங்குச்சு."

"அந்தத் துணி எங்கய்யா?"

"குப்பையில போடச் சொன்னாரு. நான்தான், நல்லாத் தைச்சிருக்கேன்னு..." என்று சொல்லி, வெளியே தள்ளிக் கிடந்த ஒரு அட்டைப் பெட்டியைக் காட்டினான். மாங்காய்க் கரை மேலாகத் தெரிந்தது.

சின்னத்தாய் அதைத் தொடவில்லை. முந்தியை வாயில் அடைத்துக்கொண்டு ஸ்டூலிலேயே குனிந்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளை பயந்துபோய் டீ வாங்கி வரப் போனான்.

திரும்பி வருகிற பஸ்ஸில், போர்டு இருந்த அட்டைப் பெட்டியைத் தன் சேலையில் படாமல் கைகளில் ஏந்திக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் ஒன்றுதான் நினைத்தாள். ஆயுத பூஜை தோறும் ஒன்று தைத்தோமே. ஒவ்வொரு நாளும் உதறினோமே, பெட்டியின் தலையிலேயே வைத்தோமே. அவர் தெரிந்துகொண்டு வந்து, செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாரே.

போர்டைக் கொடுத்தபோது நாகையா கேட்டார், "கடைக்கா போன?"

"ஆமா."

"அவன் வேற எதும் சொன்னானா?"

"நல்ல போர்டுன்னான்," என்றாள். அவர் அதை வாங்கி மேஜையில் வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கடையில் கிடந்த பெட்டியை எடுத்து வந்து போர்டை மாட்ட, கம்ப்யூட்டர் மறுபடி உயிர் பெற்றது. ஆனால் பாதியில் நின்ற அந்த அம்மன் படத்தை அவர் திறக்கவே இல்லை. அதற்குள் தீபாவளி சீசன் நெருங்கி, கம்பெனியில் ஆள் பற்றவில்லை. ஃபோர்மேன் அவரைப் பேக்கிங்கிலிருந்து எழுப்பி, பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற ஷெட்டுக்கு அனுப்பினான். செந்தூர்பாண்டியின் தம்பி மருந்துக்கு முன்னால் உட்கார்ந்தார். அன்று சின்னத்தாய் தன் ஷெட்டிலிருந்து அவர் இருந்த ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்து, வேலையைப் பார்க்கச் சொல்லித் திட்டு வாங்கினாள்.

ஆயுத பூஜை வந்தது. போன வருஷம் வரை அந்த வீட்டுக்கு இரண்டு விதப் பொரிப் பொட்டலம் வரும். அச்சகத்துப் பொட்டலத்தில் லட்டும் ஆப்பிளும் இருக்கும். கம்பெனிப் பொட்டலத்தில் பொரிகடலையும் வாழைப்பழமும். இந்த வருஷம் இரண்டு பொட்டலமும் ஒரே மாதிரி இருந்தன. ஒன்றை மாடத்தில் வைத்துவிட்டு, இன்னொன்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் சின்னத்தாய் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

குளித்து வந்த நாகையா கம்ப்யூட்டரைத் துடைத்து, சின்ன வாழையிலையில் சந்தனம் குழைத்து வைத்தார். "வா, பொட்டு வை," என்றார்.

அவள் அறை வாசலைத் தாண்டவில்லை. "நீங்களே வைங்க."

"என்னைக்கும் நீதான வைப்ப?"

"வேண்டாங்க. எங்கை ஆகாது."

நாகையா நிமிர்ந்து பார்த்தார். அவளும் பார்த்தாள். அந்த வீட்டில் இத்தனை நாள் யாரும் சொல்லாமல் இருந்தது அப்போது சொல்லாமலே தெரிந்துபோயிற்று.

"கடைக்காரன் சொல்லிட்டானாக்கும்," என்றார்.

"பருத்திதானேன்னு நெனைச்சேங்க. நல்லதுன்னு நெனைச்சேன்."

"எனக்குத் தெரியாதா?"

"ஒரு வார்த்தை வஞ்சிருந்தா எம்மனசு ஆறியிருக்கும்."

"என்னன்னு வைய? தூசி போகக் கூடாதுன்னு தச்ச," என்றார். எழுந்து வந்து, அவள் வலது கையைப் பிடித்து, மோதிர விரலைச் சந்தனத்தில் தோய்த்து, தானே கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தார். மானிட்டரில் ஒன்று, விசைப்பலகையில் ஒன்று. அவள் அழுதுகொண்டே வைத்தாள்.

பூஜை முடிந்து பொரி தின்ற பிறகு கம்ப்யூட்டரைப் போட்டார். புது சாஃப்ட்வேரைத் திறந்தார். ஏதோ ஆங்கிலத்தில் ஒரு கட்டம் வந்து நின்றது.

"என்ன சொல்லுது?"

"இதைவிடப் புதுசு வந்திருச்சாம். அது இந்தப் பெட்டியில ஓடாதாம்." கட்டத்தை மூடினார். "பரவால்ல. இருக்கதை மறக்காம வச்சிருப்போம். அடுத்த ஆனியில ராஜபாண்டியன் அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாப்போம்."

"கேளுங்க," என்றாள் சின்னத்தாய். இருக்கன்குடியாளை நினைத்துக்கொண்டு சொன்னாள்.

விசைப்பலகை மேல் கையைக் கொண்டு போனவர், தொடாமல் அந்தரத்திலேயே நிறுத்தினார். விரல்களைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். நகக்கண்ணில் சாம்பல் நிறமாக மினுங்கியது. எழுந்து கொல்லைக்குப் போனார். சின்னத்தாய் சோப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், வாளியிலிருந்து மொண்டு ஊற்றினாள். அவர் தேய்த்தார், கழுவினார், விரலைப் பார்த்தார். மறுபடியும் தேய்த்தார்.

"போகலையேங்க," என்றாள்.

"ஊத்து," என்றார்.